உரக்கப் பாடாத ஆண்

திருநெல்வேலிச் சீமையின் பாட்டு திறந்த வெளியில் வளர்ந்தது. கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக்காரர் குடத்தையும் உடுக்கையையும் மீறிக் கதையைச் சொல்லியாக வேண்டும். சுடலைமாடன் பீடத்துக்கு முன்னால் நடக்கும் கணியான் கூத்தில் மகுடம் அதிர்ந்துகொண்டே இருக்கும். அதற்கு மேலே அண்ணாவியின் குரல் எழும்பி, பந்தலுக்கு வெளியே நிற்பவர் காதிலும் விழுந்தாக வேண்டும். சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் நாகஸ்வரம் நான்கு ரத வீதிக்கும் கேட்க வேண்டிய கருவி. காருகுறிச்சி அருணாசலம் உலகம் அறியப் பெயரெடுத்தது அந்தக் கருவியில்தான். 1906இல் செங்கோட்டையில் பிறந்து 27 வயதிலேயே மறைந்துவிட்ட எஸ்.ஜி. கிட்டப்பா, ஒலிபெருக்கி வராத காலத்து நாடகக் கொட்டகையில் கடைசி பெஞ்சுக்காரனையும் கட்டிப்போட்டவர். இந்தப் பக்கத்தில் ஒருவரை நல்ல பாட்டுக்காரர் என்று சொன்னால் முதலில் சொல்லப்படுவது 'கணீரென்ற சாரீரம்' என்பதுதான். இப்படிப் பழகிய காதுகளுக்கு 1950களில் வேறொரு ஆண் குரல் வந்து சேர்ந்தது. அது எதையும் மீறவில்லை, யாரையும் கூப்பிடவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுகிற அளவுக்கு மேல் உயரவும் இல்லை. ஏ.எம். ராஜாவின் குரல் அது. அந்தக் குரலில் வந்த காதல் பாட்டுகள் எழுபது ஆண்டு தாண்டியும் நிற்பதற்குப் பலரும் 'இனிமை' என்ற ஒற்றைச் சொல்லைக் காரணமாகச் சொல்வார்கள். அந்தக் காரணம் போதாது. ஓர் ஆண், ஊரார் கேட்க, மெல்லப் பாடலாம் என்பதை அவர் பொதுவழக்கமாக்கினார் என்பதே சரியான காரணம் என்று தோன்றுகிறது.

இது தமிழில் மட்டும் நடந்த கதை இல்லை. 1925 வாக்கில் மின்சாரத்தால் ஒலிப்பதிவு செய்யும் முறை வந்தபோது அமெரிக்காவில் ஒரு புதுவகைப் பாடகர் கூட்டம் கிளம்பியது. அவர்களுக்குக் 'குரூனர்' என்று பெயர். அதுவரை அரங்கில் பாடியவர்கள் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து வெளியே தள்ளிப் பாடினார்கள். இவர்களோ மைக்குக்கு முன்னால் வந்து நின்று, ரகசியம் சொல்வதுபோலப் பாடினார்கள். பிங் கிராஸ்பி அவர்களில் பெரிய நட்சத்திரம்; ஃபிராங்க் சினாட்ரா அவருக்கு அடுத்த தலைமுறை. இவர்களுக்குக் கிடைத்தது வரவேற்பு மட்டும் இல்லை. 1932இல் பாஸ்டன் நகரத்துக் கர்தினால் ஒருவரே இந்தப் பாணி ஆண்மைக்கு இழுக்கு என்ற பொருள்படக் கண்டித்துப் பேசினார். சத்தம் போடாத ஆணைச் சமூகம் ஆணாக ஏற்றுக்கொள்ள எவ்வளவு தயங்கும் என்பதற்கு அந்தக் கண்டனம் நல்ல சாட்சி. கண்டித்தவர்களின் காது ஒன்றைச் சரியாகவே பிடித்திருந்தது: மெல்லப் பாடும்போது குரல் மட்டும் மாறுவதில்லை, பாடுகிறவனுக்கும் கேட்கிறவளுக்கும் இடையிலான தூரமும் மாறிவிடுகிறது.

குரூனர்களோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்று அவர்கள் வெளியிட்ட ஆல்பங்கள். அமெரிக்க நாடக மேடைக்காக 1920களிலும் 30களிலும் எழுதப்பட்ட காதல் பாட்டுகள் பல, நாடகம் மறைந்த பிறகும் நிலைத்தன. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பாடலாம் என்ற பொதுச் சொத்துப் போன்ற நிலை அவற்றுக்கு வந்தது. அவற்றை 'ஸ்டாண்டர்ட்ஸ்' என்பார்கள். 1946இல் சினாட்ரா அப்படிப்பட்ட எட்டுப் பாட்டுகளை நான்கு இசைத்தட்டுகளில் தொகுத்து வெளியிட்டார். 1955இல் தூக்கம் வராத இரவின் தனிமையையே பொருளாக வைத்து ஒரு முழு நீள ஆல்பம் பாடினார். பழைய பாட்டு, புதிய குரல், ஒரே மனநிலை என்பதுதான் இந்த வகையின் இலக்கணம். நமக்கு இது புதிதில்லை. தியாகராஜர் கீர்த்தனை ஒன்றை நூறு வித்வான்கள் நூறு விதமாகப் பாடுவதைக் கேட்டுத் தலையாட்டும் நாடு இது. ஆனால் கச்சேரியில் தாராளமாக நடக்கிற இந்த வழக்கம் திரைப்பாட்டுக்கு மட்டும் வரவில்லை. திரைப்பாட்டு ஒரு குரலோடு, ஒரு முகத்தோடு, ஒரு காட்சியோடு பிறக்கிறது. மெட்டை வேறொருவர் பாடினால் 'அவர் மாதிரி வரவில்லை' என்பதே முதல் விமர்சனம். அதனால் தமிழில் காலத்தைத் தாண்டி நிற்பது பாட்டு என்பதைவிட, அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவு என்பதே உண்மை. அப்படி நிற்கும் காதல் பாட்டுகளைப் பட்டியல் போட உட்கார்ந்தால், 1950களின் நடுவிலிருந்து பத்தாண்டுக்குள் வந்தவற்றில் ராஜாவின் பெயர் திரும்பத் திரும்ப வரும்.

சித்தூர் மாவட்டத்து இராமபுரத்தில் 1929இல் பிறந்த ராஜா, 1951இல் ஜெமினி ஸ்டூடியோவின் 'சம்சாரம்' படம் வழியாகத் திரையுலகுக்கு வந்தார். பின்னணிப் பாடல் என்ற முறையே அப்போது நிலைபெற்றுக்கொண்டிருந்த நேரம். பாடத் தெரிந்தவரையே நடிகராக்கிய தியாகராஜ பாகவதர் காலம் முடிந்துகொண்டிருந்தது. நடிப்பது ஒருவர், பாடுவது இன்னொருவர் என்று ஆனபோது பாடகருக்குப் பெரிய விடுதலை கிடைத்தது. மேடையில் நின்று ஆயிரம் பேருக்குப் பாட வேண்டிய கட்டாயம் போய்விட்டது. ஒலிப்பதிவுக் கூடத்தில் அவருக்கு முன்னால் இருப்பது ஒரு மைக் மட்டுமே. அன்றைய பதிவில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் இசைக்க வேண்டும். யாராவது ஓரிடத்தில் சறுக்கினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு நடுவே குரலைத் தணித்துப் பாடுவது உரக்கப் பாடுவதைவிடக் கடினம். உரத்த குரலில் மூச்சின் சத்தம் மறைந்துவிடும், சுருதி லேசாக நழுவினாலும் வேகத்தில் போய்விடும். மெல்லிய குரலில் எல்லாம் அம்பலம். மைக் பக்கத்தில் இருப்பதால் உதடு ஒட்டிப் பிரிவதும், மூச்சு முடிகிற இடமும், ஒரு எழுத்தை அழுத்தியதும் விட்டதும் அப்படியே பதிவாகும். ராஜாவின் பாட்டுகளைக் கவனித்துக் கேட்டால் அவர் ஸ்வரத்தைப் பிடித்து உலுக்குவதில்லை என்பது தெரியும். தொட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். கமகம் உண்டு, ஆனால் வார்த்தையை மூடுகிற அளவுக்கு இல்லை.

மைக் வருவதற்கு முன்பு தமிழில் மெல்லப் பாடியவர்களே இல்லையா என்று கேட்கலாம். இருந்தார்கள், வீட்டுக்குள். தாலாட்டு மெல்லப் பாடப்பட்டது. அதைப் பாடியவர்கள் பெண்கள். கேட்டது ஒரே ஒரு குழந்தை. ஆணின் பாட்டு வீட்டுக்கு வெளியே இருந்தது: மேடையில், களத்தில், வண்டிப்பாதையில், கோயில் வாசலில். அங்கெல்லாம் சத்தம் தேவைப்பட்டது. காதலைப் பாடும் ஆண்கூட நாடக மேடையில் நாயகியைப் பார்த்துப் பாடவில்லை, கொட்டகையைப் பார்த்துத்தான் பாடினான். ராஜா போன்றவர்களின் குரல் இந்த ஏற்பாட்டைக் கலைத்தது. தாலாட்டில் இருந்த நெருக்கம் முதல்முறையாக ஆண் குரலுக்கு, அதுவும் பொதுவெளியில், வந்து சேர்ந்தது. ராஜாவுக்கு முன்பே மென்மையாகப் பாடியவர்கள் இந்தியாவில் உண்டு. கே.எல். சைகல் 1930களிலேயே மைக்கின் ரகசியத்தைப் புரிந்துகொண்டவர். இந்தியில் தலத் மஹ்மூத் அதே வழியில் போனவர். தமிழ்க் காதல் பாட்டில் அதை ஓர் இயல்பான பேச்சாக ஆக்கியதில் ராஜாவின் பங்கு பெரிது.

இதற்குச் சான்று அந்தப் பாட்டுகளிலேயே இருக்கிறது. சினாட்ராவின் தனிமை ஆல்பம் வந்த அதே 1955இல் எல்.வி. பிரசாத் இயக்கிய 'மிஸ்ஸியம்மா' வந்தது. எஸ். ராஜேஸ்வர ராவ் இசையில் நிலவை அழைக்கும் பாட்டை ராஜாவும் பி. லீலாவும் பாடினார்கள். தெலுங்கில் அதே மெட்டு என்.டி. ராமாராவுக்கு, தமிழில் ஜெமினி கணேசனுக்கு. இரண்டு மொழியிலும் ஆண் குரல் ராஜாவுடையதுதான். திரையில் தோன்றும் ஆள் யாராக இருந்தாலும் அந்தப் பேச்சுத் தன்மை மாறவில்லை என்பதை இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் உணரலாம். நான்கு ஆண்டு கழித்து வந்த 'கல்யாண பரிசு' இன்னும் தெளிவான சான்று. ஸ்ரீதர் இயக்கிய முதல் படம் அது. தமிழில் ராஜா இசையமைத்த முதல் படமும் அதுவே. வரிகள் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் கைவண்ணம். அதில் தீபாவளிப் பாட்டு ஒன்று பி. சுசீலாவின் குரலில் துள்ளிக்கொண்டு வரும். பிறகு அதே மெட்டு ராஜாவின் குரலில் துயரமாக வரும். துயரம் என்றால் விம்மலும் கேவலுமாகக் காட்டுவது அன்றைய வழக்கம். அவர் அதைச் செய்யவில்லை. வேகத்தைக் குறைத்தார், குரலைத் தணித்தார், அவ்வளவுதான். ஒரு மெட்டிலிருந்து மகிழ்ச்சியை எடுத்துவிட்டு மிச்சத்தை அப்படியே வைத்ததுபோல இருக்கும். இசையமைப்பாளரும் பாடகரும் ஒரே ஆளாக இருந்தால் மட்டுமே எடுக்கக்கூடிய முடிவு அது. 1961இல் காஷ்மீரில் படமாக்கப்பட்ட 'தேன் நிலவு' படத்தில் இதற்கு நேர்மாறான மனநிலை: கேலி, கொஞ்சல், விளையாட்டு. எஸ். ஜானகியோடு பாடிய ஆங்கிலம் கலந்த குறும்புப் பாட்டானாலும், 'பாட்டுப் பாடவா' என்று தனியாகப் பாடியதானாலும், உற்சாகத்துக்காக அவர் குரலை ஏற்றவே இல்லை. அடுத்த ஆண்டு 'ஆடிப்பெருக்கு' வந்தபோது தனிமையைப் பற்றிய பாட்டுக்கும் அதே அளவுதான்.

இங்கே ஒரு மறுப்பு உடனே வரும். குரலில் வலு இல்லாததால்தான் மெல்லப் பாடினார், இல்லாததைச் சிறப்பு என்று சொல்கிறீர்களா என்று கேட்பார்கள். டி.எம். சௌந்தரராஜனின் குரலைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் நியாயமானதே. 1954இல் 'தூக்குத் தூக்கி', 'மலைக்கள்ளன்' இரண்டும் வந்த பிறகு சிவாஜிக்கும் எம்.ஜி.ஆருக்கும் உரிய குரலாக டி.எம்.எஸ். படிப்படியாக நிலைத்துவிட்டார். வீர வசனத்துக்குப் பின்னால் வரும் பாட்டில் ராஜாவை வைத்தால் எடுபடாது என்பது உண்மை. ஆனால் அதே நடிகர்களின் காதல் காட்சிகளைப் பாருங்கள். 'குலேபகாவலி'யில் எம்.ஜி.ஆருக்கு ராஜாவும் ஜிக்கியும் பாடிய மாலைநேரப் பாட்டு, 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தில் பானுமதியோடு பாடியது, 'அமரதீபம்' படத்தில் சிவாஜிக்கு சுசீலாவோடு பாடியது ஆகியவை 1955, 56 ஆண்டுகளுக்குள் வந்தவை. வாள் வீசுகிற கதாநாயகனுக்கும் காதலியிடம் பேசும்போது வேறு குரல் வேண்டும் என்று அந்த இசையமைப்பாளர்களுக்குத் தோன்றியிருக்கிறது. வலுக் குறைவு என்றால் அது தேர்ந்தெடுக்கப்பட்ட குறைவு. மேலும் மேல் ஸ்தாயியில் மெல்லப் பாடுவது என்பது பலவீனமான குரலால் ஆகிற காரியமும் இல்லை. ராஜாவின் பாட்டுகளை மேடையில் பாட முயன்ற எந்த மெல்லிசைக் குழுப் பாடகரைக் கேட்டாலும் சொல்வார். சத்தத்தை ஏற்றினால் மேல் ஸ்வரம் எளிது. சத்தத்தை ஏற்றாமல் அங்கே நிற்பதற்குத்தான் மூச்சு வேண்டும்.

இந்தக் குரல் தாமிரபரணிக் கரைக்கு எப்படி வந்தது என்பது தனிச் சுவையான பகுதி. படம் ஊருக்கு வரும், ஓடும், போய்விடும். பாட்டைத் திரும்பக் கேட்க வானொலிதான் வழி. ஆனால் 1952இல் மத்திய அமைச்சரான பி.வி. கேஸ்கருக்குத் திரைப்பாட்டு பிடிக்காது. அகில இந்திய வானொலியில் அதற்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. விவித பாரதி 1957இல் தொடங்கும்வரை அரசு வானொலியில் திரைப்பாட்டுப் பஞ்சம். சென்னை நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் வந்துவிட்டாலும் திருநெல்வேலிக்கு வானொலி நிலையம் 1963இல்தான் கிடைத்தது. இந்த இடைவெளியில் நெல்லைக்காரர்களின் காதை நிரப்பியது இலங்கை வானொலி. அங்கே வர்த்தகச் சேவை 1950இலேயே ஆரம்பித்துவிட்டது. மத்திய அலை வானொலி, நிலத்தைவிட உப்பு நீரின் மேல் நெடுந்தூரம் வலுக் குறையாமல் போகும். மன்னார் வளைகுடாவைத் தாண்டினால் தூத்துக்குடி, திருச்செந்தூர், பிறகு நெல்லை. இரவில் வானத்து அயனி அடுக்கில் பட்டுத் திரும்பும் அலைகள் அதை இன்னும் தூரத்துக்குக் கொண்டுபோகும். தலைநகரத்து நிலையத்தைவிடக் கடலுக்கு அக்கரையிலிருந்த கொழும்பு இந்தச் சீமைக்குத் தெளிவாகக் கேட்டது என்பது அரசியல் எல்லைகளைக் கேலி செய்கிற விஷயம். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர்களின் பெயர்கள் நட்சத்திரங்களின் பெயர்போலப் புழங்கியது இந்தப் பக்கத்தில்தான். இரவு நேர நிகழ்ச்சிகளில் ஓர் அறிவிப்பாளர் நான்கைந்து காதல் பாட்டுகளை ஒரே மனநிலையில் கோத்துக் கொடுப்பார். சினாட்ரா ஆல்பத்தில் செய்ததை இங்கே அறிவிப்பாளர் செய்தார். பாடகர் மாறுவார், மனநிலை மாறாது. படுத்திருப்பவர் தலைமாட்டில் குறைந்த சத்தத்தில் பாடும் பெட்டிக்கு ராஜாவின் குரல் அளந்து வைத்ததுபோலப் பொருந்தியது.

இதை ஏற்காதவர் வலுவான ஒரு கேள்வியைக் கேட்கலாம். நெல்லைக் கிராமங்களில் முக்கால்வாசிப் பேர் இந்தப் பாட்டுகளைக் கேட்டது தலைமாட்டு ரேடியோவில் இல்லையே. கல்யாண வீட்டிலும் கொடை விழாவிலும் பூப்புனித நீராட்டிலும் வேப்ப மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில்தானே கேட்டார்கள்? இரண்டு மைல் தூரத்துக்கு அலறிய பாட்டில் நெருக்கம் எங்கே இருந்தது? நியாயமான கேள்வி, இந்த வாதமே இதில்தான் சோதனைக்கு உள்ளாகிறது. குழாய் ஸ்பீக்கர் கீழ் ஒலிகளை விழுங்கிவிடும், நடு ஒலிகளை முன்னால் தள்ளும். அதாவது தபேலாவின் அடிநாதம் போய்விடும், பேஸ் போய்விடும், மனிதக் குரலும் எழுத்துகளும் மிஞ்சும். பெரிய வாத்தியக் கூட்டத்தோடு உரக்கப் பாடிய பாட்டு குழாய் வழியே வரும்போது எல்லாம் கலந்து இரைச்சலாகும். குறைந்த வாத்தியத்தோடு, தெளிந்த உச்சரிப்போடு பாடிய பாட்டு சொல் சொல்லாக வரும். மைக் அருகில் பதிவான நெருக்கம் தட்டிலேயே இருக்கிறது. சத்தத்தைக் கூட்டினால் அது பெரிதாகுமே தவிர மேடைக் குரலாக மாறிவிடாது. பேசுகிற அளவில் பாடிய ஒருவர் திடீரென்று ஊர் முழுக்கக் கேட்கிறார் என்பதுதான் விளைவு. காதலைப் பற்றி வாய் திறந்து பேச இடமில்லாத தெருவில், ஓர் ஆண் ஒரு பெண்ணிடம் தணிந்த குரலில் கெஞ்சுவது பகல் பதினோரு மணிக்கு எல்லார் தலைக்கு மேலும் ஒலித்தது. ஊர்ப் பெரியவர்களும் கேட்டுக்கொண்டு பந்தலில் இலை போட்டார்கள். இது குரலின் நெருக்கத்தைக் கெடுத்ததாக நினைக்க முடியவில்லை. அதைப் பொதுவில் சகஜமாக்கியது என்றே படுகிறது.

பிறகு கேசட் வந்தது. 1980களில் எல்லா ஊர்களிலும் பாட்டுப் பதிவு செய்து கொடுக்கும் கடைகள் முளைத்தன. வெற்று கேசட் ஒன்றையும், எழுதிய பட்டியல் ஒன்றையும் கொடுத்துவிட்டு வந்தால் கடைக்காரர் இசைத்தட்டிலிருந்து பதிந்து வைப்பார். அறுபது நிமிட நாடாவில் மூன்றரை நிமிடப் பாட்டுகள் பதினாறு, பதினேழு அடங்கும். எந்தப் பாட்டு முதலில், எந்தப் பாட்டுக்குப் பின்னால் எந்தப் பாட்டு, இரண்டாம் பக்கம் எதில் முடிய வேண்டும் என்றெல்லாம் யோசித்துத்தான் அந்தப் பட்டியல்கள் எழுதப்பட்டன. தமிழர்களின் காதல் பாட்டு ஆல்பம் இதுதான். அதைத் தொகுத்தது பாடகரும் இல்லை, கம்பெனியும் இல்லை, கேட்பவரே தொகுத்துக்கொண்டார். கம்பெனிகள் இதைப் பார்த்துப் பாடகர் பெயரிலும் மனநிலையின் பெயரிலும் தொகுப்புகள் வெளியிட்டன. 2017இல் சரிகம வெளியிட்ட 'கார்வான்' பெட்டி, ஐயாயிரம் பழைய பாட்டுகளை உள்ளே அடைத்துக்கொண்டு வந்து அதே ஆசையை வியாபாரமாக்கியது. திருநெல்வேலிக் கவிஞர் கலாப்ரியாவின் 'நினைவின் தாழ்வாரங்கள்' கட்டுரைகளை வாசித்தவர்களுக்கு, இந்த ஊர் இளைஞர்களின் அந்தரங்க வாழ்வில் சினிமாவும் பாட்டும் எவ்வளவு ஆழமாகப் புகுந்திருந்தன என்பது தெரியும். இங்கே திரைப்பாட்டைச் சொல்லாமல் காதலைச் சொல்ல முடிந்ததில்லை.

இன்னொரு மறுப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். மெட்டு இசையமைப்பாளருடையது, சொல் கவிஞருடையது, முகம் ஜெமினியுடையது. பாடகருக்கு மட்டும் ஏன் இத்தனை பெருமை? பட்டுக்கோட்டையின் எளிமையும் கண்ணதாசனின் நயமும் இல்லாமல் அந்தக் குரல் எதைச் சுமந்திருக்கும் என்பது சரிதான். ஆனால் ராஜா விலகிய பிறகு நடந்ததைப் பார்த்தால் பாடகரின் பங்கு விளங்கும். தன் பாட்டு எப்படி வர வேண்டும் என்பதில் கறாரானவர் என்று பெயரெடுத்தவர் அவர். 'தேன் நிலவு'க்குப் பிறகு ஸ்ரீதர் விஸ்வநாதன்–ராமமூர்த்தி பக்கம் போனார். ஜெமினியின் குரலாக பி.பி. ஸ்ரீநிவாஸ் வந்தார். 1962இல் 'சுமைதாங்கி', 1966இல் 'ராமு' ஆகிய படங்களில் அவர் பாடியவை ராஜாவின் பாட்டுகளுக்குப் பக்கத்தில் உட்காரும் தகுதி உள்ளவை. ஸ்ரீநிவாஸின் குரல் கனம் சற்றுக் கூடியது, கீழ் ஸ்தாயியில் அழகு காட்டுவது. ராஜாவுடையதில் இளமை அதிகம். இசையமைப்பாளர்கள் மாறினார்கள், படம் மாறியது, ஆனால் மெல்லப் பாடும் ஓர் ஆண் வேண்டும் என்ற தேவை மாறவில்லை. ராஜா திறந்த இடம் அது. நாயகனுக்கு அப்படி ஒரு குரல் இருக்கலாம் என்று ரசிகர் பழகிவிட்ட பிறகே அதற்கு வாரிசு தேடப்பட்டது. ராஜா 1970களில் திரும்பி வந்து சில படங்களில் பாடினார். மனைவி ஜிக்கியோடு மேடைக் கச்சேரிகளும் செய்தார். 1989 ஏப்ரலில் தெற்கே கச்சேரிக்காக வந்த பயணத்தில், திருநெல்வேலி மாவட்டத்து வள்ளியூர் ரயில் நிலையத்தில் நடந்த விபத்தில் இறந்தார்.

இது எல்லாம் பழைய தலைமுறையின் ஏக்கம், இன்றைய பிள்ளைகளுக்கு இதில் என்ன இருக்கிறது என்பவர்களும் உண்டு. ஏக்கம் உண்டுதான். ஆனால் ஏக்கம் மட்டும் என்றால் அந்த ஆண்டுகளில் வந்த எல்லாப் பாட்டும் சமமாகத் தங்கியிருக்க வேண்டும். தங்கவில்லை. 1955இலிருந்து 62வரை வந்த நூற்றுக்கணக்கான படங்களின் பாட்டுகளில் பெரும்பகுதி அந்தத் தலைமுறைக்கே மறந்துபோயிற்று. இன்னொரு கோணமும் இருக்கிறது. இன்றைய காதல் பாட்டில் ஆண்கள் எல்லாருமே மெல்லத்தான் பாடுகிறார்கள். காதுக்குள் செருகும் ஹெட்போனும், மூச்சுச் சத்தத்தைக்கூடத் தூக்கிக் கொடுக்கும் பதிவுக் கருவிகளும் வந்த பிறகு குசுகுசுப்பே பொது நடை ஆகிவிட்டது. அந்த வகையில் ராஜா தோற்றுப்போன பழைய பாணி இல்லை, வென்றுவிட்ட பாணி. வித்தியாசம் சொல்லில் இருக்கிறது. இன்றைய மெல்லிய குரல் பெரும்பாலும் வார்த்தையைக் கரைத்து மூச்சாக்கிவிடுகிறது. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட ராஜாவோ, அவ்வளவு தணிந்த குரலிலும் தமிழ் எழுத்து ஒன்றையும் விழுங்கவில்லை. பேச்சில் ஒரு எழுத்து பிசகினாலும் பிடித்துக்கொள்ளும் நெல்லைக்காரர்கள் அவரை ஏற்றுக்கொண்டதில் இதற்குப் பங்கு உண்டு.

அப்படியானால் இளம் பாடகர் ஒருவர் இந்தப் பாட்டுகளை எடுத்து, குரூனர்களைப்போலத் தன் குரலில் ஓர் ஆல்பமாகப் பாடலாமே? பாடலாம், பாட வேண்டும் என்றும் சொல்வேன். இதுவரை நடந்த முயற்சிகள் பெரும்பாலும் இரண்டு பக்கமும் தவறின: ஒன்று, ராஜாவைப்போலவே பாடிக்காட்டும் மேடை நகல், அல்லது, தாளத்தைப் பெருக்கி மெட்டை அடையாளம் தெரியாமல் ஆக்கும் ரீமிக்ஸ். கச்சேரி வித்வான் ஒரு கீர்த்தனையை அணுகுகிற விதத்தில், மெட்டையும் சொல்லையும் மதித்து, வேகத்தையும் சுருதியையும் வாத்தியத்தையும் தன் குரலுக்கு ஏற்ப மாற்றிப் பாடுகிற மூன்றாவது வழி அதிகம் நடக்கப்படாமல் கிடக்கிறது. 'கல்யாண பரிசு' இதற்கு நல்ல தொடக்கம். ஒரே மெட்டை இரண்டு மனநிலையில் பாடலாம் என்று இசையமைத்தவரே காட்டிவிட்டுப் போயிருக்கிறார். மூன்றாவதாக ஒன்றைப் பாட வருகிறவர் அந்தத் துயரப் பதிவிலிருந்து தொடங்கி, அதைவிடவும் குறைவான வாத்தியத்தோடு முயன்று பார்க்கலாம்.